ஃப்ரீவீலிலிருந்து ஃபிக்ஸட் கியருக்கு: சேலத்துச் சாலைகளுக்கு ஏற்ற வழிமுறை

சிங்கிள் ஸ்பீடு சைக்கிளையும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளையும் அருகருகே நிறுத்தினால் வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டிலும் முன்னால் ஒரு செயின்வீல், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் இணைக்க ஒரு செயின் இருக்கும். சிங்கிள் ஸ்பீடில் அந்தப் பின் பல்சக்கரம் ஃப்ரீவீலாக இருப்பதால், நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் கடகடவென்ற ஓசையோடு தன் போக்கில் உருளும். ஃபிக்ஸட் கியரில் பல்சக்கரம், சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பின் மீது நேராக இறுகியிருக்கிறது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். பெடலை நிறுத்த வேண்டுமானால் சக்கரத்தையும் நிறுத்தியாக வேண்டும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் முன்சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றுகிறதே, அதே ஏற்பாடுதான். சர்க்கஸில் பின்னோக்கி ஓட்டிக் காட்டும் சைக்கிளும், டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் உள்ளது போன்ற வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தயத் தடங்களில் பிரேக்கே இல்லாமல் ஓடும் பந்தய சைக்கிளும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இதனால் கிடைப்பது என்ன என்று கேட்டால், சீராக மிதிக்கும் பழக்கம், குறைந்த வேகத்தில் வண்டியின் மீது கிடைக்கும் பிடி, பழுதாகக்கூடிய பாகங்களின் குறைவு ஆகிய மூன்றையும் சொல்லலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. மாறியபின் ஓட்டுவது கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சமதரையில் ஓட்டுவது சில நாட்களில் கைவந்துவிடும். நிறுத்துவதும் சரிவில் இறங்குவதும்தான் கற்க வேண்டிய பாடம். வடக்கே நகரமலையும் சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும் சூழ்ந்த சேலத்தில், எந்தத் திசையில் நெடுந்தூரம் போனாலும் ஒரு சரிவு வந்தே தீரும். ஆகவே இங்கே மாறுபவர்கள் ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரமும் மறுபக்கம் ஃப்ரீவீலும் பொருத்தக்கூடிய ஃப்ளிப் ஃப்ளாப் ஹப்பைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. இந்த வழிமுறையும் அந்த ஹப்பை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

எந்த சைக்கிளை மாற்றலாம்

முதலில் ஹப்பைப் பாருங்கள். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஃப்ரீவீலைத் திருகும் மரையும் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகும் மரையும் பொதுவாக ஒரே அளவுதான்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆகவே சாதாரண சைக்கிளின் ஹப்பில் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகினால் அது அழகாக உட்கார்ந்துவிடும். முன்னோக்கி மிதிக்க மிதிக்க மேலும் இறுகும். எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் வேகத்தைக் குறைக்க நீங்கள் பெடலைப் பின்னோக்கி அழுத்தும் அந்த ஒரு கணத்தில், அதே மரையில் பல்சக்கரம் கழலத் தொடங்கும். பிடி தேவைப்படும் நேரம் பார்த்துப் பிடி விட்டுப் போகும் என்பதே இதன் ஆபத்து.

உண்மையான ஃபிக்ஸட் ஹப்பில் பல்சக்கரம் உட்காரும் மரைக்கு வெளியே, அதைவிடச் சற்றுச் சிறிய விட்டத்தில் இரண்டாவது மரை ஒன்று இருக்கும். அது இடது மரை, அதாவது நம் இடது பெடலில் உள்ளது போல எதிர்ப்பக்கமாகத் திருகினால் இறுகும் மரை. அதில் லாக்ரிங் என்னும் வளையம் உட்காரும். பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழல முயன்றால், அந்த முயற்சியே லாக்ரிங்கை இறுக்கிவிடும். ஆகவே ஹப்பை வாங்கும்போதும் பார்க்கும்போதும், படிக்கட்டு போல இரண்டு அளவுகளில் மரை இருக்கிறதா என்பதையே முதலில் கவனியுங்கள். ஒரே அளவு மரை மட்டும் இருந்தால் அது ஃப்ரீவீலுக்கான ஹப். அதில் ஃபிக்ஸட் ஓட்டக் கூடாது. மரையில் பசை தடவி ஒட்டிவிடலாம் என்று சொல்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம்.

சேலத்தில் வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃப்ரீவீலின் உட்பகுதியையும் வெளிப்பகுதியையும் வெல்டிங் வைத்துச் சேர்த்துவிட்டால் ஃபிக்ஸட் ஆகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். சுழற்சி நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஃப்ரீவீல் ஹப்பின் மீது நிற்பது அதே வலது மரையில்தான், அதைப் பிடித்துக்கொள்ள லாக்ரிங் கிடையாது. வெல்டிங் வைத்த பல்சக்கரமும் பின்னழுத்தத்தில் கழலும்.

அடுத்து ஃபிரேம். பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருக்க வேண்டும். அச்சை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினின் தொய்வைச் சரிசெய்ய முடியும். கியர் சைக்கிளில் செயினை இழுத்துப் பிடிக்கும் வில் வைத்த டென்ஷனரை இங்கே பயன்படுத்தவே முடியாது, ஏனெனில் பின்னோக்கி அழுத்தும்போது விசை செயினின் கீழ்ப்பக்கம் வழியாகச் செல்கிறது. அந்த விசை டென்ஷனரை வளைத்துவிடும்.

பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளை, அது தாத்தா ஓட்டியது என்பதற்காக, இதற்கு மாற்ற நினைப்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதன் பின் ஹப்பில் இரண்டாவது மரை இல்லை. பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் என்னும் ஆப்பு, இரு திசைகளிலும் மாறி மாறி விழும் விசையில் விரைவில் தளர்ந்து ஆடத் தொடங்கும். கம்பி பிரேக்கோ குரோம் பூசிய இரும்பு ரிம்மைப் பிடிப்பது. மழையில் நனைந்தால் அது பிடிக்கும் என்று நம்பிச் சாலையில் இறங்க முடியாது. அலாய் ரிம்மும், ரிம்மை இருபுறமும் கவ்வும் காலிப்பர் பிரேக்கும், காட்டர் பின் இல்லாத கிராங்க்கும் கொண்ட இன்றைய சிங்கிள் ஸ்பீடு சைக்கிளே இதற்குப் பொருத்தமானது. அவற்றுள் சிலவற்றில் ஃப்ளிப் ஃப்ளாப் ஹப் ஏற்கெனவே இருக்கும்; பின்சக்கரத்தின் இடப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், வெறுமையாக ஒரு மரை அங்கே காத்திருக்கலாம். இல்லையென்றால் ஹப்பையும் பல்சக்கரத்தையும் லாக்ரிங்கையும் இணையத்தில் வரவழைத்து, நல்ல கைத்தேர்ச்சி உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்போக்ஸ் கட்டி, கோட்டம் எடுத்து வாங்கிக்கொள்ளலாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொண்டுபோனபோது, “ஃப்ரீவீல் கெட்டுப்போனா புதுசு போட்டுத் தரேன் தம்பி, அதுக்காகக் காலைக் கட்டிப் போட்டுக்குவாங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சக்கரத்தை மிக நேர்த்தியாகக் கட்டியும் கொடுத்தார்.

பற்களின் கணக்கு

முன் செயின்வீலின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, வரும் எண்ணைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு முறை பெடலைச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகும் என்பது தெரியும். 700×28 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.13 மீட்டர். முன்னால் 44, பின்னால் 18 என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.2 மீட்டர், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்க வேண்டியிருக்கும். சேலம் நகருக்குள் ஓட்டுபவர்களுக்கு இது நல்ல தொடக்கம். பந்தய சைக்கிளைப் பார்த்துவிட்டு 48க்கு 16 என்று வைத்துக்கொள்பவர்கள் ஒரு சுற்றுக்கு 6.4 மீட்டர் போவார்கள். ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும்போதும், பின்னழுத்தத்தால் வேகத்தைக் குறைக்கும்போதும் முழங்கால் அதற்கான விலையைக் கொடுக்கும். பெரிய கியரில் வேகம் கூடுதலாக வரும் என்பதைவிட, அதைக் கட்டுப்படுத்தக் கூடுதல் விசை தேவை என்பதே ஃபிக்ஸட் ஓட்டுபவர் நினைவில் வைக்க வேண்டியது.

இன்னொரு கணக்கும் உண்டு. சிலர் பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கி நிறுத்துவார்கள். பூட்டும்போது கால் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதால், டயரும் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே தேயும். அந்த இடங்களின் எண்ணிக்கையை அறிய, பற்களின் விகிதத்தை மிகச் சுருக்கிய பின்னமாக எழுதிக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். 44/18 என்பது 22/9 ஆகச் சுருங்கும். தேயும் இடங்கள் 9. 48/16 என்பது 3/1; தேயும் இடம் ஒன்றே ஒன்று. அதாவது ஒரே காலை முன்வைத்து வழுக்குபவரின் டயர், மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஓட்டை விழும். வழுக்கி நிறுத்துவதை நான் ஊக்குவிக்கவில்லை. சாதாரணப் பின்னழுத்தமும் ஓரளவு இதே இடங்களில்தான் விழும் என்பதால், கணக்கு எல்லோருக்கும் பயன்படும்.

பொருத்தும் முறை

தேவையான கருவிகள் குறைவு: அச்சு நட்டுக்கு 15 மி.மீ. ஸ்பேனர், ஃப்ரீவீலைக் கழற்றும் கருவி, பல்சக்கரத்தைப் பிடிக்கச் செயின் துண்டு கோத்த கைப்பிடி, லாக்ரிங்கின் பள்ளத்தில் மாட்டும் கொக்கி ஸ்பேனர். சுத்தியும் உளியும் வைத்து லாக்ரிங்கைத் தட்டி இறுக்குவது பட்டறை வழக்கம். அது பள்ளங்களைச் சிதைத்துவிடும், பிறகு கழற்றும்போது கொக்கி பிடிக்காது. கொக்கி ஸ்பேனருக்குச் செலவழிப்பது வீணாகாது.

ஹப்பின் மரையையும் பல்சக்கரத்தின் மரையையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். பல்சக்கரத்தைக் கையால் முடிந்தவரை திருகி ஏற்றுங்கள். தொடக்கத்தில் சிக்கினால் கட்டாயப்படுத்தாமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள், ஏனெனில் அலாய் ஹப்பில் ஒருமுறை மரை ஏறுக்குமாறாக வெட்டிவிட்டால் ஹப்பையே மாற்ற வேண்டியதுதான். பிறகு செயின் கைப்பிடியால் நன்றாக இறுக்கி, அதன்மேல் லாக்ரிங்கை இடப்பக்கமாகத் திருகி இறுக்குங்கள். இந்த இறுக்கம் போதாது. சக்கரத்தை மாட்டி, முன் பிரேக்கை மட்டுமே நம்பி, பின்னழுத்தம் கொடுக்காமல் ஒரு சிறு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துவிட்டு வாருங்கள். உடல் எடை முழுவதும் விழும்போது பல்சக்கரம் இன்னும் சிறிது ஏறி உட்காரும். அப்படி உட்கார்ந்ததும் அதற்கும் லாக்ரிங்குக்கும் நடுவே நூலளவு இடைவெளி பிறக்கும். கொக்கி ஸ்பேனரை மறுபடி மாட்டினால் லாக்ரிங் சற்று நகர்வதை நீங்களே உணர்வீர்கள். அது நகராத நிலை வரும் வரை இந்த ஏற்றத்தையும் இறுக்குதலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஃபிக்ஸட் ஹப்பில், ஹப்பின் நடுவிலிருந்து பல்சக்கரத்தின் பல் வரை 42 மி.மீ. இருக்கும். முன்னாலும் ஃபிரேமின் நடுவிலிருந்து செயின்வீலின் பல் வரை அதே அளவு இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஓசை வரும், செயின் நழுவும் வாய்ப்பும் கூடும். ஃப்ரீவீல் சைக்கிளில் செயின் நழுவினால் கையில் கரி படும், அவ்வளவுதான். ஃபிக்ஸடில் நழுவிய செயின் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கினால் பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும்.

அதனால் செயினின் தொய்வில் மிகுந்த கவனம் வேண்டும். எந்தச் செயின்வீலும் முழு வட்டமல்ல. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, கிராங்க்கை ஒரு கையால் மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேற்செயினைப் பார்த்தால், ஓரிடத்தில் அது இறுகியும் எதிர்ப்பக்கம் சற்றுத் தளர்ந்தும் வருவது தெரியும். மிக இறுகிய இடத்தில் கிராங்க்கை நிறுத்திவிட்டு, செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அசைய வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஹப் பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் தேயும்; கூடினால் செயின் நழுவும். அச்சு நட்டுகளை ஒரே பக்கமாக முழுதும் இறுக்காமல் இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இல்லையென்றால் வலப்பக்க அச்சு முன்னே இழுபட்டு, சக்கரம் கோணலாக நின்றுவிடும். பின்னுக்குப் பின் அரை அங்குல இடைவெளியும் 1/8 அங்குல அகலமும் உள்ள சாதாரணச் செயின் போதுமானது; பல்சக்கரமும் அதே அகலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வேலை முடிந்ததும் பெருமையோடு சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்கத் தோன்றும். அப்போது விரல் செயினுக்கு அருகே இருக்கக் கூடாது. ஃப்ரீவீலில் விரல் சிக்கினால் பெடல் நின்றுவிடும். ஃபிக்ஸடில் சுழலும் சக்கரத்தின் முழு விசையும் விரலைப் பற்களுக்குள் இழுத்துச் செல்லும், இப்படி விரல் துண்டானவர்கள் உண்டு. சுழலும் செயினைத் துணியால் பிடித்துத் துடைப்பது அறவே கூடாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த சைக்கிளைப் பின்சக்கரம் தரையைத் தொடாத ஸ்டாண்டில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பிரேக், பெடல் பட்டை, உடை

பிரேக்கைக் கழற்றிவிட்டு வெறும் கம்பியாகத் தெரியும் சைக்கிளைப் படங்களில் பார்த்து ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். வெலோட்ரோமில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே பசுமாடு வராது, ஷேர் ஆட்டோ திடீரென்று இடப்பக்கம் ஒதுங்காது. சாலையில் முன் பிரேக் இல்லாமல் ஓட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது உடலின் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், பின்சக்கரத்தை மட்டும் நிறுத்தி, அது காலால் ஆனாலும் பிரேக்கால் ஆனாலும், குறுகிய தூரத்தில் நிற்க முடியாது. ஃப்ளிப் ஃப்ளாப் ஹப் வைத்திருப்பவர்கள் ஃப்ரீவீல் பக்கத்தையும் பயன்படுத்துவார்கள் ஆதலால் பின் பிரேக்கும் இருக்கட்டும்.

கால் பெடலிலிருந்து நழுவாமல் இருக்க, பாதத்தின் முனையைப் பிடிக்கும் டோ கிளிப்பும் தோல் பட்டையும், அல்லது பாதத்தின் மேல் குறுக்கே வரும் அகலப் பட்டையும் தேவை. ஃபிக்ஸடில் கால் நழுவினால் பெடல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கணுக்காலைத் தேடி வந்து அடிக்கும். செருப்போடு ஓட்டுவதை மறந்துவிடுங்கள். வேட்டி, தொங்கும் துப்பட்டா, கட்டாத ஷூ லேஸ், அகலமான பேன்ட் கால் ஆகிய எதையும் செயின் விட்டுவைக்காது. வலக்கால் பேன்ட்டை மடித்து ரப்பர் வளையம் போட்டுக்கொள்வது போதும்.

முதல் நாட்கள்

விடியற்காலையில், போக்குவரத்து தொடங்கும் முன், அகலமான சமதரைச் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலை நேரம் இதற்கு வசதி. பழகியபின் இரும்பாலை போகும் சாலையை எடுத்துக்கொள்ளலாம். சீட்டை வழக்கமான உயரத்திலேயே வையுங்கள். முதல் சில நாட்கள் பட்டையை இறுக்காமல் தளர்த்தி வைப்பது நல்லது.

கிளம்பும்போதே முதல் வேறுபாடு தெரியும். ஃப்ரீவீலில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி வசதியான நிலைக்குக் கொண்டுவருவோம். இங்கே அது முடியாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, பாதத்தால் பெடலைச் சுற்றி வேண்டிய நிலையில் வைத்துவிட்டு இறக்குங்கள். சில நாட்களில், நிற்கும்போதே கால் சரியான நிலையில் வரும்படி கடைசி ஓரிரு சுற்றுகளை அளந்து நிறுத்தப் பழகிவிடுவீர்கள்.

மிதிக்கத் தொடங்கியபின் ஒரே ஒரு விதிதான்: கால் ஓய்வெடுக்க நினைக்கக் கூடாது. பல ஆண்டுப் பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது என்பதால், முன்னே ஒரு வேகத்தடையைக் கண்டதும் உங்கள் கால்கள் தாமாக நிற்கப் பார்க்கும். வண்டி நிற்காது. கீழிருந்து மேலேறும் பெடல் உங்களை சீட்டிலிருந்து தூக்கி எறியும் வகையில் உதைக்கும். சேலத்தில் வேகத்தடைக்குக் குறைவில்லை. ஆகவே இதைத் தனியாகப் பழகுங்கள். வேகத்தடைக்கு முன்பே முன் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமலேயே மெதுவாகக் கடந்து போங்கள். தெருவில் யாராவது அழைத்தால் திரும்பிப் பார்ப்பது, தண்ணீர் பாட்டிலை எடுப்பது, சீட்டில் நகர்ந்து உட்காருவது ஆகிய எல்லாவற்றிலும் நாம் நம்மையறியாமல் மிதிப்பதை நிறுத்துகிறோம் என்பது இப்போதுதான் தெரியவரும்.

வேகத்தைக் குறைக்க, பெடல் மேலே ஏறிவரும் பக்கத்துக் காலால் அதை மெல்லத் தடுத்து அழுத்துங்கள். முழுச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தடுப்பதே முறை. ஒரே அடியாகத் தடுத்தால் முழங்காலுக்குக் கேடு. சற்றே முன்சாய்ந்து கொண்டால் இது எளிதாகும். இந்தப் பின்னழுத்தம் வேகத்தைச் சீராக வைத்துக்கொள்ளத்தான். அவசரத்தில் நிற்க வேண்டும் என்றால் முன் பிரேக்கையே பிடியுங்கள். பிரேக் லிவரின் மீது இரண்டு விரல்கள் எப்போதும் இருக்கட்டும்.

திருப்பங்களில் உட்பக்கப் பெடலை மேலே நிறுத்தி வைக்கும் வசதி இல்லாததால், வண்டியைச் சாய்த்தால் பெடல் தரையில் உரசும். உரசினால் பின்சக்கரம் ஒரு கணம் துள்ளி எழும். ஆகவே வேகத்தைக் குறைத்து, வண்டியை நேராக வைத்து, உடலை மட்டும் உட்பக்கம் சாய்த்துத் திரும்புங்கள். 165 மி.மீ. கிராங்க் இருந்தால் உரசும் வாய்ப்பு குறையும்.

ஐந்து ரோடு, ஹஸ்தம்பட்டி ரவுண்டானா போன்ற இடங்களுக்கு, காலை நேர வெற்றுச் சாலையில் எங்கே நினைக்கிறீர்களோ அங்கே தடுமாறாமல் நிற்க முடிகிறது என்ற நிலை வந்தபின் போனால் போதும். அதுவரை பள்ளி, அலுவலக நேர நெரிசலில் இதை எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஏற்காடு ஏறுபவர்களுக்கு

ஃபிக்ஸட் ஓரளவு கைவந்ததும் சேலத்துக்காரர் எவருக்கும் பார்வை வடக்கே போகும். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் மலைச்சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ள சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறது. ஏறுவதில் ஃபிக்ஸட் உண்மையிலேயே உதவுகிறது: கால் சோரும் இடத்தில், பெடல் மேலும் கீழும் நிற்கும் அந்தச் செத்த நிலையைச் சக்கரத்தின் ஓட்டமே கடத்திவிடும். ஆனால் 44க்கு 18 இங்கே கனமாக இருக்கும். மலைக்குப் போவதற்கென்று 20 பல் சக்கரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 4.7 மீட்டர் போகும், மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 43 சுற்று வரும். அதற்கும் கால் வலுவானவராக இருக்க வேண்டும்.

இறங்குவதோ முற்றிலும் வேறு காரியம். அதே 44க்கு 20இல் மணிக்கு 40 கி.மீ. வேகத்தை எட்டினால் கால்கள் நிமிடத்துக்கு 140 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் உடல் சீட்டில் துள்ளத் தொடங்கும்; கண் வளைவைப் பார்க்காது, கால் பெடலைப் பின்தொடராது. வேகத்தை 20க்குள் பிடித்து வைத்தாலோ, மலை முழுவதும் பின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இறங்கும் முழங்கால்கள் மறுநாள் படிக்கட்டு இறங்க மறுக்கும். வளைவுகளில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துத் திரும்பும். மூடுபனி நாளில் அது ஒலியாக மட்டுமே தெரியும். ஃபிக்ஸடில் மலை இறங்குவதை வீரமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் எந்தச் சிறப்பும் தெரியவில்லை.

இதற்காகத்தான் ஃப்ளிப் ஃப்ளாப் ஹப். மேலே போய்ச் சேர்ந்ததும் ஏரிக்கரையில் ஓரமாக நிறுத்தி, அச்சு நட்டுகளைத் தளர்த்தி, செயினை இறக்கி, சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பி மாட்டினால் ஃப்ரீவீல் வலப்பக்கம் வந்துவிடும். இது புதிய தந்திரமல்ல. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1937க்கு முன் கியர் மாற்றும் டிரெய்லியர் என்னும் கருவிக்கு அனுமதி கிடையாது. அதுவரை பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் பல்சக்கரம் வைத்த பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள்.

திருப்பி மாட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரு பக்கமும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும், 20க்கு 20. ஒரு பல் வேறுபட்டாலும் அச்சு ஏறத்தாழ 3 மி.மீ. முன்னோ பின்னோ நகர்ந்தால்தான் செயினின் தொய்வு சரியாகும். அச்சு நகர்ந்தால் பின் பிரேக்கின் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறும். ஓரிரு பல் என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கட்டை ரிம்மை விட்டு விலகி டயரை உரசக்கூடும், இறங்கும் வழியில் டயர் கிழிவதற்கு அதுவே போதும். மாட்டியபின் நட்டுகளை முழுதாக இறுக்கி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முன்னே தள்ளிப் பார்த்து, கட்டை முழுவதும் ரிம்மின் மீதே உட்காருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஃபிக்ஸட் பழகிய கால் இப்போது பின்னழுத்தத்தால் வேகத்தைக் குறைக்க முயலும். பெடல் வெறுமனே பின்னோக்கிச் சுற்றும். ஆகவே முதல் வளைவுக்கு முன் நேர்சாலையில் இரண்டு பிரேக்கையும் சில முறை பிடித்துப் பார்த்து, இனிக் கையால்தான் நிறுத்த வேண்டும் என்று உடம்புக்கு நினைவூட்டுங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடித்தால் ரிம் அதிகம் சூடேறாது. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதும் நினைவிருக்கட்டும்.

பராமரிப்பு

பராமரிப்பு அதிகமில்லை. புதிதாக மாட்டிய முதல் சில வாரங்களில் லாக்ரிங்கை அடிக்கடி கொக்கி ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும். பின்னழுத்தம் கொடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசையோ, பெடலில் சிறு தளர்ச்சியோ வந்தால் அங்கேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பல்சக்கரம் மரையில் அசையத் தொடங்கியிருக்கலாம். செயின் இரு திசையிலும் இழுபடுவதால் அதன் நீட்சியையும் அளந்து வர வேண்டும். இரும்பு அளவுகோலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 24 கண்ணி தள்ளி உள்ள பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழும். அது 12 1/16 அங்குலத்தைத் தொட்டால் செயினை மாற்றிவிடுங்கள். 12 1/8 வரை விட்டுவிட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.